சர்வேயரம்மா ஏன் கேட்கவில்லை

லஞ்சம் கேட்கிற அதிகாரியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஐம்பத்திரண்டு வயதுக்குள் அதில் ஒரு தேர்ச்சி வந்துவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு "பாத்து பண்ணுங்க சார்" என்று சொல்லவேண்டும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி "பாப்போம்" என்பார். மிச்சத்தை வெளியே இருக்கும் ஆள் சொல்வார். கேட்காத அதிகாரியிடம் எப்படி நடந்துகொள்வது என்றுதான் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி எங்கள் அப்பா விட்டுப்போன நிலம் கொஞ்சம் இருந்தது. பாதி எனக்கு, பாதி தங்கைக்கு. என் பாதியை நான் எப்போதோ விற்றுவிட்டு, திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அவர்கள் மௌன விரதம் இருப்பார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மட்டும் அது கலையும். தங்கை தன் பாதியை விடவில்லை. மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற நிலக்கடலை போடுவாள், நெல் போடுவாள். கிணற்றுக்கு இலவச மின்சாரம் கேட்டு எழுதிப்போட்டு ஏழு வருஷம் வரிசையில் நின்றாள். போன வருஷம் அவள் முறை வந்தது. வந்ததும் மின்சார ஆபீஸில் ஒரு காகிதம் கேட்டார்கள்: தனிப் பட்டா.

தனிப் பட்டா கிடையாது. நான் விற்றபோது சோம்பேறித்தனத்தில் நிலத்தைப் பிரித்து அளக்காமல் விற்றுவிட்டேன். என்னிடம் வாங்கியவர் பெயரும் தங்கை பெயரும் ஒரே கூட்டுப் பட்டாவில் கிடந்தன. அடுத்த மாதக் கடைசிக்குள் தனிப் பட்டா காட்டாவிட்டால் அவள் முறை போய்விடும், மறுபடி வரிசையின் வாலுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குற்றவாளி நான் என்பதால் ஆபீஸ் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

"உன்னால ஆவுமாண்ணா? இல்ல நானே போய்ப் பாக்கட்டுமா?" என்றாள்.

"நீ மல்லாட்டையப் பாரு. ஆபீஸ நான் பாத்துக்கறேன்."

"அதான் பயமா இருக்குது."

அந்த ஆபீஸ் எது என்று சொல்லப்போவதில்லை. எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் ஒன்று. இ-சேவை மையத்தில் தங்கை பெயரில், என் போன் நம்பரைக் கொடுத்து மனுப் போட்டேன். பத்து நாளில் சர்வேயர் அளக்க வருவதாகச் செய்தி வந்தது. வந்தவர் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். ஸ்கூட்டியில் ஹெல்மெட்டோடு வந்து இறங்கினார். அளக்கிற கருவியோடு இரண்டு உதவியாளர்கள் பின்னாலேயே வண்டியில் வந்தார்கள்.

நான் தயாராக இருந்தேன். வரப்பில் ஆறு இளநீர் சீவி வைத்திருந்தேன். பிரியாணிக்குச் சொல்லியிருந்தேன். நாற்காலி போட்டு அதன்மேல் துண்டு விரித்திருந்தேன். அவர் துண்டை எடுத்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலி மேல் கருவிப் பெட்டியை வைத்தார்.

"எளநி சாப்டுங்க மேடம்."

"யார் மரத்து எளநி சார்?"

"நம்மளுதுதான்."

"நெலம் இன்னும் கூட்டுலதான இருக்குது? மரம் யார் பங்குல வருதுன்னு அளந்தாத்தான தெரியும்?"

பையிலிருந்து சொந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். மதியம் வேப்ப மரத்தடியில் சொந்த டிபன் பாக்ஸைத் திறந்தார். புளிச்சோறு. என்னுடைய பிரியாணியை உதவியாளர்கள் இருவரும் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்த சோகத்தை நான் மறக்கவே மாட்டேன். மாலைக்குள் அளந்து கல் நட்டுவிட்டார்கள். (தென்னை மரம் எதிர்ப்பங்கில் போய்விட்டது. அது வேறு சோகம்.)

ஸ்கூட்டி வரைக்கும் பின்னாலேயே போனேன். தலையைச் சொறிந்தேன்.

"மேடம்... மத்ததெல்லாம்..."

"எது மத்தது?"

"இல்ல, பாத்து பண்ணுங்க."

"பாத்துதான சார் அளந்தேன்?" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தங்கை "நல்ல பொம்பளண்ணா" என்றாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவர் என்றால் எவ்வளவு நல்லவர்? முப்பது வருஷமாக எந்த ஆபீஸிலும் எனக்குக் கிடைக்காத நல்லவர், தங்கையின் கிணறு இழுபறியில் இருக்கும்போது மட்டும் ஏன் கிடைக்கவேண்டும்? இளநீரை வேண்டாம் என்றவர் எதை வேண்டும் என்று நினைக்கிறார்? யோசிக்க யோசிக்க அந்தப் புளிச்சோறே ஒரு நாடகமாகப் பட்டது.

சந்தேகம் வந்தால் நான் போகிற இடம் ஒன்று உண்டு. அந்த ஆபீஸ் வாசலில் பிளாஸ்டிக் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவன் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. மனு எழுதுவது அவனுக்குப் பாதி வேலை. உள்ளே யாருக்கு எவ்வளவு, எப்போது, எந்தக் கையில் என்று சொல்வது மீதிப் பாதி. வருமானத்தில் கணக்குப் பார்த்தால் பாதிகள் அப்படிச் சமமாக இல்லை.

"கேக்கலையா?" என்றான்.

"கேக்கலடா."

"கண்ணாலகூடவா?"

"கூலிங் கிளாஸ் போட்டிருந்தாங்க."

பேனாவை மூடிவைத்தான். "இங்க பாரு. கேக்கறவன் ரேட்டைச் சொல்லிடுவான், பேசிக் கம்மி பண்ணலாம். கேக்காத ஆளு உன்னையே உன் ரேட்டைப் போடவெக்கறாங்க. நீ எவ்ளோ மரியாத தெரிஞ்சவன்னு பாக்கறாங்க. அந்தம்மா வந்து மூணு மாசமாவுது. இதுவரைக்கும் ஒரு ஆளுகிட்டகூட வாயத் தொறந்து கேக்கல. எவ்ளோ பெரிய ஆளா இருக்கணும்னு யோசி."

"ஒருவேள நெசமாவே வாங்காதவங்களோ?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. "உன் தங்கச்சி கெணறுடா. சோதன பண்ணிப் பாக்கற எடமா அது?"

அந்த மூன்று மாதத்தில் அவன் மேஜைக்குக் கூட்டம் குறைந்துபோயிருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும், அவன் ஏன் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறான் என்று யோசிக்கவில்லை. உலகத்தில் எல்லார்மேலும் சந்தேகப்படுகிறவன், சந்தேகப்படவேண்டிய ஒரே ஆளிடம் போய் யோசனை கேட்டான். என் புத்தியின் அமைப்பு அப்படி.

ஆனால் பிரசாத யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு மறுநாள் எந்த ஆபீஸுக்குள் போனாலும் விபூதி வாசனை அடிக்கும். கிரிவலம் போனவர்கள் எல்லாரும் கோபுரப் படம் போட்ட காகிதக் கவரில் விபூதி, குங்குமம் கொண்டுவந்து தருவார்கள். பேங்கிலும் தருவார்கள், பள்ளிக்கூடத்திலும் தருவார்கள். இளநீரை வேண்டாம் எனலாம். பிரியாணியை வேண்டாம் எனலாம். அண்ணாமலையார் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல இந்த ஊரில் எவருக்கும் நா எழாது. சட்டென்று எனக்குப் பொறி தட்டியது. அடுத்த பௌர்ணமிக்கு நானும் பதினாலு கிலோமீட்டர் நடந்தேன். பக்தி ஒரு பங்கு, திட்டம் மூன்று பங்கு. ஈசானிய லிங்கத்துக்கிட்டே கால் கொப்புளித்தபோதுகூட, நாளைக்கு எப்படி நீட்டுவது என்றுதான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை விபூதிப் பொட்டலத்துக்கு அடியில் நாலு ஐநூறு ரூபாய்த் தாளை மடித்து வைத்து, கவரின் வாயை ஸ்டேப்ளர் அடித்து மூடிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். நான் நினைத்தபடியே நடந்தது. "அண்ணாமலையார் பிரசாதம் மேடம்" என்றதும் அவர் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குனிந்து மேஜைக்குப் பக்கத்தில் எங்கேயோ வைத்தார். யாராவது அப்போது கேட்டிருந்தால் இழுப்பறை திறக்கிற சத்தம் வந்தது என்று சத்தியமே செய்திருப்பேன்.

வெளியே வந்து கூட்டாளியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"வாங்கிட்டாங்களா?"

"ரெண்டு கையாலயும்."

"எந்தக் கவரு? கோபுரம் போட்டதா?"

"ஆமாண்டா. வா, டீ சாப்டலாம்."

"வேணாம்" என்றான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் ஓசி டீயை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். அவனுக்கு வயிறு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டு அவன் டீயையும் சேர்த்து நானே குடித்தேன்.

சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"கேட்டாங்களா?" என்றாள்.

"கேக்கல."

"கேக்காதவங்களுக்குக் குடுத்தா அதுக்கு இன்னா பேருண்ணா?"

"மரியாத."

"உன் மரியாதையில என் கெணறு போச்சுன்னா உன் மாடி ரூமுலதான் நான் வந்து மல்லாட்ட போடுவேன். அந்தம்மா கல்லு நட்ட அன்னிக்கு என்கிட்ட இன்னா சொன்னாங்க தெரியுமா? 'அக்கா, யாராச்சும் எம்பேர சொல்லிக் காசு கேட்டா குடுக்காதீங்க, எனக்கு போன் பண்ணுங்க'ன்னு நம்பர் குடுத்துட்டுப் போனாங்க. நாளைக்கே போய் அத வாங்கிக்கினு வா. இல்லன்னா நான் போன் பண்ணி, காசு கேக்கறது எங்கண்ணன் மனசாட்சிதான்னு சொல்லிடுவேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு மறுபடி போனேன். வழியில் ஒரு கதை தயார் பண்ணிவைத்திருந்தேன்: கவர் மாறிவிட்டது, அது என் வீட்டுக்காரியின் வேண்டுதல் பிரசாதம், அதைத் திருப்பிக் கொண்டுபோகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

சர்வேயரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வரைபடத்தில் எதையோ குறித்துக்கொண்டே, "அந்தப் பொட்டியில பாருங்க சார்" என்றார்.

மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி. அது நிறையக் கோபுரம். எல்லாம் ஒரே மாதிரிக் கவர், ஒரே மாதிரி ஸ்டேப்ளர் பின். மூன்று பௌர்ணமிப் பிரசாதம்.

"இவ்ளோவா மேடம்?"

"குப்பையில போட முடியாதில்ல? சேத்துவெச்சு எங்கயாவது கொளத்துல கரச்சுடலாம்னு இருக்கேன். அதுக்கும் நேரம் கெடைக்கல."

குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முதல் கவரில் விபூதி. இரண்டாவதில் விபூதி, குங்குமம். மூன்றாவதில் விபூதிக்கு அடியில் காசு இருந்தது. அப்பாடா என்று எடுத்தால் எல்லாம் இருநூறு ரூபாய்த் தாள்! என்னுடையது ஐநூறு. குழம்பிப்போய் நாலாவதைப் பிரித்தேன். அதில் வெற்றிலை பாக்கோடு ஒரு சுருட்டு நோட்டு.

நிமிர்ந்து பார்த்தேன். பெஞ்சில் காத்திருந்த ஏழெட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததும் ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒருவர் செருப்பைத் தேடினார். ஒரு பெரியவர் கண்ணை மூடித் தியானத்துக்கே போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். இந்த யோசனை எனக்கு மட்டுமே தோன்றியது என்றல்லவா இறுமாந்திருந்தேன்.

"அது இன்னா சார்?" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

சர்வேயரம்மா எழுந்து நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பு நிஜமா, நடிப்பா என்று அப்போதுகூட நான் உற்றுப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அவருக்கு நான் பதில் சொல்வதற்குள் வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மாவட்ட ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரியும் அவரோடு இரண்டு பேரும். அதிகாரி கையில் ஒரு கடிதம். பெயரில்லாமல் வந்த மொட்டைப் பெட்டிஷன். 'மேற்படி சர்வேயர் பிரசாதக் கவர் என்ற போர்வையில் பொதுமக்களிடம் கையூட்டுப் பெற்று வருகிறார்' என்று தெளிவாக எழுதியிருந்தது. சோதிக்கவேண்டிய இடத்தைத் தேடும் வேலைகூட அவர்களுக்கு இல்லை. நான்தான் பெட்டிக்கு முன்னால் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேனே.

"யாரு நீங்க?"

"பொதுமக்கள் சார்."

"இங்க இன்னா பண்றீங்க?"

"விபூதி எடுத்துக்கலாம்னு..."

"பொட்டி பொட்டியாவா?"

எல்லாக் கவரையும் மேஜையில் கொட்டிப் பிரித்தார்கள். என்னுடையதைச் சேர்த்து ஏழில் காசு இருந்தது. சர்வேயரம்மா, "எனக்குத் தெரியாது சார். எதையும் நான் பிரிச்சதே இல்ல. பின்னு அடிச்சது அடிச்சபடியே இருக்குது பாருங்க" என்றார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, "பிரிக்காததுல பின்னு இருக்கும்மா. பிரிச்சு எடுத்துக்கினது எத்தினின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சரியான கேள்வி. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. பெட்டியே ஒரு கண்துடைப்பாக இருந்தால்?

இதற்குள் பெஞ்ச் காலி. தியானத்தில் இருந்த பெரியவர் எழுந்துபோன வேகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நானும் போயிருக்கலாம். என்னை யாரும் பிடித்துவைக்கவில்லை. பார்வையாளர், விபூதிப் பிரியர், அவ்வளவுதான். லஞ்சம் கொடுத்தவனுக்கும் இப்போது கேஸ் உண்டு என்று கூட்டாளி சொல்லியிருந்ததும் நினைவில் இருந்தது. வலது கால் வாசல் பக்கம் தானாகவே திரும்பிக்கொண்டது.

அப்போதுதான் சர்வேயரம்மா என்னிடம் கேட்டார். மெதுவாக, மரியாதையாகவே கேட்டார்.

"யார் சார் உங்கள அனுப்பனாங்க?"

எனக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. நேற்று நான் கவர் கொடுக்கிறேன். இன்று காலையே சோதனைக்குக் கிளம்பி வருகிறார்கள். அவர்கள் வந்து சேரும்போது பெட்டியைத் திறந்து, காசைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை நாள் நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அவர் கண்ணுக்கு நான் கூலிக்கு வந்து காரியம் பண்ணுகிற ஆள்.

தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எனக்கு வந்தது ரோஷம். என்னை முட்டாள் என்று சொன்னால் பழக்கம் இருக்கிறது, சிரித்துக்கொள்வேன். அடியாள் என்றால் தாங்கவில்லை.

"சார், அதுல ஒரு கவரு நான் வெச்சது" என்றேன். "இந்தம்மா கேக்கல. எளநிகூட குடிக்கல. நானா வெச்சேன். திருப்பி எடுத்துக்கினு போவத்தான் வந்தேன்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கேக்காம எதுக்கு வெச்சீங்க?"

"கேக்காததாலதான் சார்."

அவர் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, இதை எழுதுவதா வேண்டாமா என்று அவரைப் பார்த்தார்.

அதிகாரி எங்கள் மனு எண்ணைக் கேட்டார். அதற்காகப் போனைத் திறந்தபோது பார்க்காத செய்திகள் வரிசையாக நின்றன. நடுவில் ஒன்று: உங்கள் நிலத்தின் அளவைப் பணி முடிந்து, உட்பிரிவு மேல் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது. தேதியைப் பார்த்தால், நான் பிரசாதம் கொடுத்ததற்கு ஆறு நாள் முன்னால். ஏதோ லிங்க் இருக்கிறதே, தொட்டால் பேங்கில் இருப்பதை உருவிவிடுவார்கள் என்று நான்தான் அதைத் திறக்காமல் விட்டிருக்கிறேன். முடிந்துபோன வேலைக்குக் கால் கொப்புளிக்க நடந்து லஞ்சம் கொடுத்த ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருக்கவேண்டும்.

அதிகாரி அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. நான் சொன்னதையெல்லாம் என் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டார். சர்வேயரம்மாவை விசாரணை முடியும்வரை வேறு அறையில் பழைய வரைபடங்களைத் தூசி தட்டி அடுக்கச் சொன்னார்கள். எங்கள் கோப்பும் விசாரணையில் சேர்ந்து அப்படியே நின்றது. மாதக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

வெளியே வந்து கூட்டாளியின் மேஜை முன்னால் நின்றேன்.

"நீதான எழுதினது?"

"நானா? நான் எழுதினா அடியில பேரு போட்டுக் கையெழுத்துப் போடுவேன். எங்கிட்ட மொட்டப் பெட்டிஷனே கெடையாது."

"'மேற்படி', 'என்ற போர்வையில்' எல்லாம் யாருடா எழுதுவா உன்னத் தவிர?"

"நல்ல தமிழ் எழுதறவன்லாம் குத்தவாளியாடா?" என்றான். முகத்தில் உண்மையான வருத்தம். இன்றுவரை எனக்குத் தெரியாது. பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேரில் யாராவது எழுதியிருக்கலாம். அவன் மேஜையில் இப்போதும் நான் டீ குடிக்கிறேன், ஆனால் எதையும் சொல்வதில்லை. அவனும் கேட்பதில்லை. கேட்காததாலேயே சந்தேகம் கூடிக்கொண்டிருக்கிறது.

பத்து நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மனுதாரர் என்பதால் தங்கையையும் வரச்சொன்னார்கள். அவள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும் அவளுக்கு ஒரே புடவைதான். சர்வேயரம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி என்னைத் துளைத்தெடுத்தார். கொடுத்த மறுநாளே ஏன் வந்தேன்? சரியாகச் சோதனை நேரத்தில் எப்படிப் பெட்டி முன்னால் இருந்தேன்? வாசலில் மனு எழுதுகிறவனுக்கும் எனக்கும் என்ன உறவு? ஒவ்வொரு கேள்விக்கும் நான் சொன்ன பதில், சொல்கிற எனக்கே பொய் போலப் பட்டது. கடைசியில் அவர் பேனாவை வைத்துவிட்டு, "படிச்சிருக்கீங்க. டவுன்ல தொழில் பண்றீங்க. இவ்ளோ தற்செயலா நடந்துச்சுன்னா யாரு நம்புவாங்க? பின்னால யாரோ இருக்காங்க. சொல்லிடுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை எழுந்துவிட்டாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க நெனைக்கற மாதிரி திட்டம் போடறதுக்கு மூள வேணும். எங்கண்ணனுக்கு அது கெடையாதுங்க."

"அம்மா, நீங்க உக்காருங்க."

"இல்லீங்க, கேளுங்க. நெலத்த அளக்காமயே வித்தவருங்க இவரு. வாங்கனவரே ரெண்டு தடவ கேட்டாரு, அளந்துக்கலாமான்னு. வேணாம்னு சொன்னது இவருதான். வெள்ளக்காரங்களுக்கு ரூம் கட்டிட்டு மாடிப்படி வெக்க மறந்துட்டாருங்க. அப்பறம் இடிச்சு வெச்சாங்க. நல்லவங்களப் பாத்தா இவருக்குப் பயம் வந்துடும். கெட்டவன்னா கூடப் படிச்சவன்னு தோள்ல கையப் போட்டுக்குவாரு. இவர யாராச்சும் வேலைக்கு வெச்சிருந்தா, வெச்சவனத்தாங்க நீங்க புடிச்சுத் தண்டிக்கணும்."

மாடிப்படி விஷயத்தை அவள் அங்கே சொல்லியிருக்கவேண்டாம். ஆனால் எழுதிக்கொண்டிருந்தவர் அதையும் எழுதினார். அதிகாரி "அப்படியாங்க?" என்று என்னைக் கேட்டார். "ஆமாங்க சார்" என்றேன். என் வாழ்க்கையில் அதிகாரிக்கு முன்னால் உடனே ஒத்துக்கொண்ட உண்மை அது ஒன்றுதான். அரசாங்கக் கோப்பில் என் அறிவைப் பற்றி இருக்கும் ஒரே பதிவும் அதுதான். அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது.

சுவரோரமாக ஒரு சத்தம் வந்தது. சர்வேயரம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இருமலாகவும் இருக்கலாம்.

காசு வைத்திருந்த மற்ற ஆறு பேரில் ஒருவர்கூட வரவில்லை. கவர் வந்த தேதிகளையும் மனுத் தேதிகளையும் பொருத்திப் பார்க்கவும் முடியவில்லை. என் ஒரு வாக்குமூலத்தையும் போனில் இருந்த ஒரு செய்தியையும் வைத்துக்கொண்டு, குற்றத்துக்கு ஆதாரமில்லை என்று எழுதி முடித்தார்கள். எனக்கு எச்சரிக்கை. காசு அரசாங்கத்துக்கு. கோப்பு நகர்ந்து, மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால் தங்கைக்குத் தனிப் பட்டா வந்தது. அன்றைக்கே மின்சார ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டாள். என்னை அந்த வாசல் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

வரைபடத்தின் நகலில் கையெழுத்துப் போட்டு வாங்கும் வேலை மட்டும் பாக்கி இருந்தது. விற்றவன் என்ற முறையில் அதற்கு நான்தான் போகவேண்டியிருந்தது. சர்வேயரம்மா பழைய நாற்காலிக்குத் திரும்பியிருந்தார். அட்டைப்பெட்டி இல்லை. வாசலில் ஒரு பித்தளைத் தட்டு, அதில் விபூதி. அதற்கு மேல் சுவரில் 'பிரசாதம் இங்கே மட்டும்' என்று ஒட்டியிருந்தது.

"மேடம், நீங்க என்ன மன்னிக்கணும்" என்றேன்.

"கையில இன்னா சார்?"

"பேனா மேடம். கையெழுத்துப் போடறதுக்கு."

"காட்டுங்க."

கொடுத்தேன். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். திருகிக் குழாயையும் உருவிப் பார்த்தார். பிறகு மறுபடி பூட்டி என்னிடம் நீட்டி, போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.